பந்து பெரிதா, கால் குட்டையா?

பாயான் பாருவில் என் அண்ணன் வீடு 9ஆவது மாடியில் இருக்கிறது. அண்ணி பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வேலை நேரம் முழுவதும் நின்றபடிதான். சில மாதங்களாக இடுப்பு வலி. மருத்துவமனையில் பார்த்த உடலியக்கச் சிகிச்சையாளர் சில பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் ஒரு பயிற்சிப் பந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஜிம்மில் பார்த்திருப்பீர்களே, ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பந்து. மலாயில் ‘போலா செனாமான்’.

வாங்கும் பொறுப்பைப் படிவம் 3இல் படிக்கும் மகள் ஏற்றுக்கொண்டாள். கைப்பேசியில் தேடினாள். 45, 55, 65, 75 என்று நான்கு அளவுகள் வந்தன. “65 நடுத்தரமாகத்தானே இருக்கும், அதோடு அதற்குத்தான் தள்ளுபடி” என்று 65ஐ வாங்கிவிட்டாள். பந்து வந்ததும் அண்ணன் பம்ப்பை எடுத்துக் கல் போலக் காற்றடித்தார். துடைத்துக் காய்ந்தும் காயாமலும் இருந்த டைல்ஸ் தரையில் பந்தை வைத்து அண்ணி ஏறி உட்கார்ந்தார். குதிகால் தரையில் படவில்லை, விரல் நுனிகள் மட்டும் தொட்டன. ஒரு நொடிதான். பந்து முன்னால் ஓட, அண்ணி பின்னால் சாய, சோபாவின் கைப்பிடி மட்டும் அருகில் இல்லாவிட்டால் இடுப்பு வலியோடு தலையிலும் அடி பட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பந்து மூலையில் குற்றவாளி மாதிரி கிடந்தது. “சித்தப்பா, பந்து ரொம்பப் பெரிசா, இல்ல அம்மா ரொம்பக் குட்டையா?” என்று கேட்டாள். அண்ணி முறைத்தார். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். ஒரு அளவுநாடா, இரண்டு அட்டை, குளியலறைத் தராசு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு அன்று மாலை முழுவதும் அதற்குப் பதில் தேடினோம்.

பந்து ஏன் ஓடுகிறது?

முதலில் ஒரு சிறு சோதனை. உருண்டையான பாட்டில் ஒன்றைத் தரையில் படுக்க வைத்து, அதன் மேல் ஓர் அடிக்கோலை வையுங்கள். அடிக்கோலை மெல்ல முன்னால் தள்ளுங்கள். அடிக்கோல் வழுக்காமல் பாட்டிலோடு சேர்ந்து நகர வேண்டும். பாட்டில் 10 செ.மீ. உருளும்போது அடிக்கோல் 20 செ.மீ. போயிருக்கும். உருளும் பொருளின் நடுப்பகுதி ஒரு பங்கு நகர்ந்தால் உச்சி இரண்டு பங்கு நகர்கிறது.

பந்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதே கதைதான். பந்து 5 செ.மீ. உருண்டால், அது தரையைத் தொடும் இடமும் 5 செ.மீ. நகரும். மேலே இருப்பவரோ 10 செ.மீ. போய்விடுவார். தாங்கும் இடத்தை விட்டு உடல் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஓடஓட இடைவெளி கூடுகிறது, கூடக்கூட இன்னும் வேகமாக ஓடுகிறது. இயற்பியலில் இதற்கு உறுதியற்ற சமநிலை என்று பெயர். குன்றின் உச்சியில் வைத்த கோலிக்குண்டின் நிலை இது.

அப்படியானால் பந்தின் மேல் யாராலுமே உட்கார முடியாதே? உட்கார முடிகிறது, காரணம் இரண்டு பாதங்கள். பந்து தரையைத் தொடும் இடம் ஒன்று, பாதங்கள் இரண்டு. மூன்றும் சேர்ந்தால் முக்காலி. உடலின் எடை இந்த மூன்று புள்ளிகளுக்கும் நடுவே விழும்வரை பயமில்லை. பந்து கொஞ்சம் நகர்ந்தாலும் பாதங்கள் தரையை எதிர்த்துத் தள்ளி அதைத் திருப்பிக்கொண்டு வரும். அண்ணி உட்கார்ந்தபோது முக்காலியின் இரண்டு கால்கள் காணாமல் போயிருந்தன. விரல் நுனியால் ஈரத் தரையைத் தள்ள முடியாது. எனவே பந்தின் அளவைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி, பாதம் முழுவதும் தரையில் படிகிறதா என்பதுதான். நிறம், தள்ளுபடி எல்லாம் பிறகு.

உயரமா, முழங்காலா?

பெட்டியின் மேல் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். ஏறத்தாழ 155 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ளவர்களுக்கு 45, 155 முதல் 170 வரை 55, 170 முதல் 185 வரை 65, அதற்கு மேல் 75 என்று போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எல்லைகள் 5 செ.மீ. முன்பின்னாக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு உடல் நீளம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் உங்களைவிடக் குட்டையாகத் தெரிந்து, எழுந்து நின்றதும் உயர்ந்துவிடுகிறான் அல்லவா? அட்டவணைக்கு அது தெரியாது.

தெரிய வேண்டிய அளவு வேறு. ஒரு நாற்காலியில் பாதம் தரையில் படும்படி, முழங்கால் நேராக மடங்கும்படி உட்காருங்கள். தரையிலிருந்து முழங்காலின் பின்பக்க மடிப்புவரை அளந்து கொள்ளுங்கள். பந்தில் உட்கார்ந்தபின் உங்கள் இருக்கையின் உயரம் இந்த அளவுக்குச் சமமாகவோ, ஒரு சில செ.மீ. கூடுதலாகவோ இருக்க வேண்டும். அப்போது தொடை தரைக்கு இணையாக இருக்கும், அல்லது இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும். இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, முதுகு வில்லாக வளையும். இடுப்பு வலிக்காரருக்கு ஆகாத நிலை அது. அதற்காக இடுப்பு மிக உயர்ந்தாலும் நம் அண்ணியின் கதைதான்.

அண்ணியின் உயரம் 152 செ.மீ., முழங்கால் மடிப்பு 38 செ.மீ. மகளுக்கு 162, 41.

இங்கே ஒரு சிக்கல். 55 செ.மீ. பந்து என்றால் உட்கார்ந்தபின்னும் 55 செ.மீ. உயரம் இருக்காது. அமுங்கும். எவ்வளவு அமுங்கும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

பந்துக்குள் எவ்வளவு அழுத்தம்?

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது என்று படித்திருப்பீர்கள். பந்தின் அடிப்பக்கம் தரையில் பட்டுத் தட்டையாகிறது. அந்தத் தட்டை வட்டத்தின் பரப்பை, பந்துக்குள் இருக்கும் கூடுதல் அழுத்தத்தால் பெருக்கினால் பந்து தாங்கும் எடை வரும். பந்தின் தோல் மெல்லியது, அதன் சொந்த விறைப்பு பெரிதல்ல என்பதால் இந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால், அழுத்தமானி இல்லாமலே அழுத்தத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஒருவர் பந்தில் உட்காரட்டும். கைக்கு எட்டும் தூரத்தில் சுவரோ கனமான மேசையோ இருக்கட்டும். இன்னொருவர் இரண்டு அட்டைகளைத் தரையோடு தரையாக இடமும் வலமும் இருந்து பந்துக்கு அடியில் மெல்லத் தள்ளட்டும். முட்டி நின்றதும் அட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் வட்டத்தின் விட்டம். உட்கார்ந்திருப்பவரின் எடை முழுவதும் பந்தின் மேல் இல்லை, கால்கள் தரையில் இருக்கின்றன. எனவே பாதங்களுக்குக் கீழே குளியலறைத் தராசை வைத்து, அது காட்டும் எடையைக் கழித்துவிட வேண்டும்.

55 செ.மீ. பந்தில் 50 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், தராசு 10 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பந்தின் பங்கு 40 கிலோ, அதாவது சுமார் 392 நியூட்டன். அட்டைகளுக்கு இடையே 26 செ.மீ. என்றால் வட்டத்தின் பரப்பு 531 சதுர செ.மீ. வகுத்துப் பார்த்தால் அழுத்தம் ஏறத்தாழ 7,400 பாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,000 பாஸ்கல். கார் டயரில் அதற்கு மேல் இன்னும் சுமார் 2,20,000 பாஸ்கல் அடைத்திருப்பார்கள். நம் பந்தில் உள்ளது அதில் முப்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு குறைந்த அழுத்தம் ஓர் ஆளைத் தாங்குகிறது, ஏனென்றால் பரப்பு பெரிது.

இனி அமுங்குவதைப் பார்ப்போம். விட்டம் 55 என்றால் ஆரம் 27.5. தட்டை வட்டத்தின் ஆரம் 13. பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டால் பந்தின் மையத்திலிருந்து தரைக்கு 24.2 செ.மீ. வரும். ஆக அடியில் 3.3 செ.மீ. போய்விட்டது. மேலே உட்கார்ந்த இடத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு அமுங்கும். மொத்தம் 7 செ.மீ. என்று கொண்டால் இருக்கை உயரம் 48 செ.மீ.

காற்றைக் கொஞ்சம் குறைத்து அழுத்தத்தை 4,000 பாஸ்கலுக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? அதே எடையைத் தாங்கப் பரப்பு பெரிதாக வேண்டும். வட்டத்தின் விட்டம் 35 செ.மீ. ஆகிவிடும், அமுங்குவது இரு பக்கமும் சேர்த்து 13 செ.மீ.க்குப் போகும். இருக்கை 42 செ.மீ. பந்து அதே பந்துதான், காற்றை மட்டும் மாற்றி 6 செ.மீ. இறக்கிவிட்டோம். கூடவே ஓர் ஆதாயம். பந்தின் அடிப்பாகம் அகலமாகத் தட்டையானதால் அது எளிதில் உருளாது. புதிதாகத் தொடங்குபவர்களும் வயதானவர்களும் பந்தைச் சற்றுத் தளர்வாக வைத்துக்கொள்ளும்படி சொல்லப்படுவது இதனால்தான். பழகிய பின் காற்றைக் கூட்டிக்கொண்டே போகலாம். பயிற்சி கடினமாகிக்கொண்டே போகும்.

அண்ணன் காற்றடித்த 65 செ.மீ. பந்தில் என் அண்ணன் மகனை உட்கார வைத்து அளந்தோம். அவனுக்கு 178 செ.மீ. உயரம், கூடைப்பந்து விளையாடுபவன், கால் எட்டுகிறது. வட்டம் 22 செ.மீ.தான் இருந்தது. அகலமான ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய இடத்தில் ஓர் ஆள். அண்ணி விழாமல் தப்பியதே பெரிய விஷயம்.

சுவிட்சர்லாந்தில் செய்யாத சுவிஸ் பந்து

இந்தப் பந்துக்குச் சுவிஸ் பந்து என்றொரு பெயர் உண்டு. பிறந்தது இத்தாலியில். 1963இல் அக்விலினோ கொசானி என்ற இத்தாலிய பிளாஸ்டிக் தயாரிப்பாளர், பெரிய அளவில், எளிதில் ஓட்டை விழாத பந்துகளை வார்க்கும் முறையை உருவாக்கினார். அவை பெஸ்ஸி பந்துகள் எனப்பட்டன. சுவிட்சர்லாந்தில் வேலை செய்த மேரி குவின்டன் என்ற பிரிட்டிஷ் சிகிச்சையாளர், நரம்புக் குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு இந்தப் பந்துகளைப் பயன்படுத்தினார். குழந்தையைப் பந்தின் மேல் படுக்கவைத்து மெல்ல உருட்டினால், சமநிலையைக் காக்க அதன் தசைகள் தாமாகவே வேலை செய்யத் தொடங்கும். பாசல் நகரைச் சேர்ந்த சூசன்னே கிளைன்ஃபோகல்பாக் பெரியவர்களின் எலும்பு, தசைச் சிக்கல்களுக்கு அதைக் கொண்டுவந்தார். அங்கே போய்ப் பார்த்த அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் ஊர் திரும்பி, பார்த்த இடத்தின் பெயரையே பந்துக்கு வைத்துவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடங்களுக்கு அது வந்தது பிறகுதான். அதாவது இது முதலில் விளையாட்டு வீரர்களின் கருவியல்ல, நடக்கச் சிரமப்பட்ட குழந்தைகளின் கருவி.

பந்தில் உட்கார்ந்தால் உடல் என்ன செய்கிறது? பந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தசைகளுக்குள் இருக்கும் நீட்சி உணரிகளும், உட்செவியின் அரைவட்டக் குழாய்களும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. சிறுமூளை நீங்கள் யோசிப்பதற்கு முன்பே வயிறு, முதுகுத் தசைகளை இறுக்கித் திருத்துகிறது. அதனால்தான் தரையில் செய்யும் சில பயிற்சிகளைப் பந்தில் செய்தால் நடுவுடல் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன.

இதைக் கேட்டதும் சிலர் படிக்கும் நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டு நாள் முழுவதும் பந்திலேயே உட்காரக் கிளம்புகிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு மணி நேரம் பந்திலும், ஒரு மணி நேரம் அலுவலக நாற்காலியிலும் உட்காரவைத்து அளந்தபோது, பந்தில் தசைகளின் உழைப்பு கொஞ்சம்தான் கூடியது. அசௌகரியமும் கூடவே கூடியது. எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கும் அக்கா அண்ணன்மார் கவனிக்க வேண்டிய செய்தி. பந்தைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, படிக்க நாற்காலியில் உட்காரலாம்.

தோலின் கனம்

அளவு முடிந்தது, அடுத்து வலிமை. நம் பாட்டன் பாட்டிகள் பலர் தோட்டங்களில் பால் மரம் சீவியவர்கள். அதனால் எந்தப் பந்தைப் பார்த்தாலும் ரப்பர் பந்து என்று சொல்வது நம் வீடுகளில் பழக்கம். இந்தப் பந்தில் பெரும்பாலும் ரப்பர் பால் ஒரு சொட்டும் இல்லை. இது பிவிசி. வீட்டில் தண்ணீர் வரும் கெட்டியான பிளாஸ்டிக் குழாயும் பிவிசிதான். குழாய் விறைப்பாகவும் பந்து மெத்தென்றும் இருக்கக் காரணம், பந்தில் சேர்க்கப்படும் மென்மையாக்கி. எண்ணெய் போன்ற அதன் மூலக்கூறுகள் பிவிசியின் நீண்ட சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல விடுகின்றன. நாளாக ஆக இந்த மென்மையாக்கி மெல்ல வெளியேறும். வெயிலும் வெப்பமும் அதை விரைவாக்கும். பழைய பந்து விறைத்துப்போய், மடிப்புகளில் கீறல் காண்பது இதனால். புதுப் பந்தைப் பிரித்ததும் வரும் அந்த நெடியும் தயாரிப்பில் சேர்ந்த வேதிப்பொருள்களிலிருந்து வருவதுதான். தாலேட் வகை மென்மையாக்கிகள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் முதலில் பொம்மைகளிலும், 2020 முதல் வீட்டுப் பொருள்கள் பலவற்றிலும் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. எடையில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ‘தாலேட் இல்லை’ என்ற குறிப்பு பெட்டியில் இருந்தால் நல்லது. எப்படியானாலும் புதுப் பந்தைச் சில நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு முகம் படப் பயன்படுத்துங்கள்.

தோல் கனமானதா, மெல்லியதா என்று வெட்டிப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? எடை போட்டுத்தான். 55 செ.மீ. பந்தின் மேற்பரப்பு சுமார் 9,500 சதுர செ.மீ. மென்மையான பிவிசியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 1.2 கிராம். பந்தின் எடை 1 கிலோ என்றால் பிளாஸ்டிக்கின் பருமன் 833 கன செ.மீ. இதை மேற்பரப்பால் வகுத்தால் தோலின் கனம் 0.88 மி.மீ. காற்றடித்து விரிந்த பந்தின் தோல் அவ்வளவுதான்.

இப்போது 75 செ.மீ. பந்து ஒன்று அதே 1 கிலோ எடையில் விற்கப்படுகிறது என்று வையுங்கள். மேற்பரப்பு கிட்டத்தட்ட 1.9 மடங்கு பெரிது, ஆகவே தோல் பாதியாக மெலிந்துவிட்டது. அதோடு உருண்டையான பைகளுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே அழுத்தம் மாறாமல் ஆரம் மட்டும் கூடினால், தோலை இழுக்கும் விசையும் ஆரத்தோடு கூடும். நம் 55 செ.மீ. பந்தில் 7,400 பாஸ்கலுக்குத் தோலின் ஒவ்வொரு செ.மீ. அகலத்திலும் சுமார் 10 நியூட்டன் இழுவிசை. ஒரு செ.மீ. அகலப் பட்டை ஒன்றில் 1 கிலோ சீனிப் பொட்டலத்தைத் தொங்கவிட்டது போல. 75 செ.மீ. பந்தில் அது 1.36 மடங்கு. இழுவிசை கூடி, தோலும் மெலிந்ததால், பொருள் படும் பாடு இரண்டரை மடங்காகிவிடும். ஆகவே இரண்டு பந்துகளை ஒப்பிடும்போது விலைக்கு முன் எடையைப் பாருங்கள். காற்றில்லாத பந்தின் எடை பெரும்பாலும் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ இருக்கும். அளவு பெரிதாகப் பெரிதாக எடையும் நன்றாகக் கூடியிருக்க வேண்டும்.

வெடிக்கும் பந்து, வெடிக்காத பந்து

பலூனை நன்றாக ஊதி ஊசியால் குத்தினால் படாரென்று வெடிக்கும். அதே பலூனைச் சற்றுக் குறைவாக ஊதி, முடிச்சுக்கு அருகே ரப்பர் தளர்ந்து அடர்ந்திருக்கும் இடத்தில், எண்ணெய் தடவிய சாத்தே குச்சியை மெல்லத் திருகிச் செருகினால் பலூன் வெடிக்காது. வீட்டில் செய்து பாருங்கள். ஓட்டை விழுவதும் வெடிப்பதும் வேறுவேறு. நன்கு இழுபட்ட தோலில் ஓட்டையின் விளிம்பில் விசை குவிகிறது, விரிசல் தானாக ஓடுகிறது. தளர்ந்த அல்லது கிழிசலைத் தடுக்கும் தோலில் விரிசல் ஓடாமல் நின்றுவிடுகிறது, காற்று மட்டும் கசிகிறது.

‘வெடிப்பு எதிர்ப்பு’ என்று பெட்டியில் எழுதியிருப்பதன் பொருள் இதுதான். கூர்மையான பொருள் குத்தினாலும் பந்து திடீரென்று மறைந்துவிடாமல் மெல்ல அடங்கும். அதில் அமர்ந்திருப்பவருக்கு எழுந்திருக்க நேரம் கிடைக்கும். அந்தச் சொல் இல்லாத பந்தை நான் வாங்கமாட்டேன். ஆனால் அதுவும் முழுக் காப்பீடு இல்லை. 2009இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏறத்தாழ 30 லட்சம் பயிற்சிப் பந்துகள் பற்றி அறிவிப்பு வெளியிட்டது. அளவுக்கு மீறிக் காற்றடித்தால் அவை திடீரென வெடிக்கலாம் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு அக்டோபரில், சாக்ரமெண்டோ கிங்ஸ் கூடைப்பந்து அணியின் வீரர் பிரான்சிஸ்கோ கார்சியா பந்தின் மேல் படுத்து எடை தூக்கிக்கொண்டிருந்தபோது பந்து வெடித்து, அவருடைய முன்கை எலும்பு முறிந்தது. கையில் எடையோடு பந்தில் படுப்பது பள்ளி மாணவர்களுக்குத் தேவையே இல்லாத வேலை.

பெட்டியில் 300 கிலோ, 500 கிலோ தாங்கும் என்று பெரிய எண்கள் இருக்கும். நம் வீட்டில் யாரும் அவ்வளவு இல்லையே என்று நினைக்கலாம். அந்த எண்கள் பொதுவாக மெதுவாக ஏற்றிய எடைக்கானவை. பந்தை ஒரு சுருள்வில்லாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொட்டபடி இருந்து திடீரென உடலைத் தளர்த்தினாலே அது தாங்கும் உச்ச விசை எடையைப் போல 2 மடங்கு. 10 செ.மீ. உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தால், பந்து சாதாரணமாக 10 செ.மீ. அமுங்கும் என்று கொண்டால், 2.7 மடங்கு. தம்பி ஓடி வந்து குதித்தால் கணக்கே வேண்டாம்.

காற்றடிப்பதும் வெயிலும்

55 செ.மீ. பந்தின் கொள்ளளவு 87 லிட்டர். வாயால் ஊதலாம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஒரு தடவைக்கு அரை லிட்டர் தள்ளும் கைப்பம்ப் என்றால் 170 தடவைக்கு மேல் அடிக்க வேண்டும்.

ஒரே மூச்சில் முழு அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிவிசி இழுத்ததும் உடனே முழுமையாக நீளாது, மணிக்கணக்கில் மெல்ல நீண்டுகொண்டே இருக்கும். முதலில் விட்டத்தில் 80 விழுக்காடு வரை அடித்து ஒரு நாள் விட்டுவிட்டு, மறுநாள் மீதியை அடிப்பது முறை. விட்டத்தை அளக்கச் சுலப வழி, அளவுநாடாவைப் பந்தின் நடுவில் சுற்றி, வருவதை 3.14ஆல் வகுப்பது. 45 செ.மீ. பந்தின் சுற்றளவு 141, 55க்கு 173, 65க்கு 204, 75க்கு 236 செ.மீ. இந்த எண்களைத் தாண்டக் கூடாது. எவ்வளவு அழுத்தினாலும் குழியாத பந்து நல்ல பந்து என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணனும் அப்படி நினைத்தவர்தான்.

பினாங்கு வெயிலுக்கு ஒரு தனிக் கணக்கு. மேற்கு பார்த்த பால்கனியில் பந்தை வைத்தால் மாலையில் 42 பாகை செல்சியஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 27 பாகை. படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு விதிகளின்படி தனிவெப்பநிலையில்தான் கணக்கிட வேண்டும்: 300 கெல்வினிலிருந்து 315 கெல்வின், அதாவது 5 விழுக்காடு உயர்வு. 5 விழுக்காடுதானே என்று விட்டுவிடாதீர்கள். உயர்வது பந்துக்குள் இருக்கும் மொத்த அழுத்தம். காலையில் வளிமண்டலத்தின் 1,01,000த்தோடு கூடுதல் 4,000 சேர்ந்து 1,05,000 பாஸ்கல் இருந்தால், பந்து விரியாமல் இருக்கும்பட்சத்தில் மாலையில் 1,10,250. வெளியே இன்னும் 1,01,000தான். ஆகத் தோல் தாங்க வேண்டிய கூடுதல் அழுத்தம் 4,000த்திலிருந்து 9,250 ஆகிவிட்டது, இரண்டு மடங்குக்கு மேல். உண்மையில் பந்து கொஞ்சம் விரிந்துகொடுக்கும், அதனால் உயர்வு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் மாலையில் பந்து விறைத்து நிற்பதைக் கையால் அழுத்தியே உணரலாம். பால்கனியும் பூட்டிய காரும் பந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

தரையையும் கவனியுங்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ்தான். ஈரமோ தூசியோ இருந்தால் உராய்வு குறைந்து, பாதத்தால் தள்ளித் திருத்த முடியாமல் போகும். காலுறையோடு ஏறாமல் வெறுங்காலோடு அல்லது ரப்பர் அடியுள்ள காலணியோடு, ஒரு யோகா பாய் விரித்து, சுவருக்கு அருகில் தொடங்குவது நல்லது. ஏறுவதற்கு முன் பந்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கீறல், குத்திய தடம் பாருங்கள். கீறல் விழுந்த பந்தை ஒட்டுப் போட்டு மறுபடி உட்காரப் பயன்படுத்த வேண்டாம்.

கடைசியில் எதை வாங்கினோம்?

தாய்க்கும் மகளுக்கும் ஒரே பந்து வேண்டும். அட்டவணைப்படி அண்ணிக்கு 45, மகளுக்கு 55. 45ஐ இருவருக்கும் எடுத்தால் மகளின் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். 55ஐ முழுக் காற்றோடு எடுத்தால் அண்ணிக்கு இருக்கை 48 செ.மீ., அவருடைய முழங்காலைவிட 10 செ.மீ. உயரம். மகள்தான் வழி சொன்னாள், “55 வாங்கிக் காத்தைக் குறைச்சா?”

வாங்கினோம். பெட்டியில் எடை 1.1 கிலோ என்று இருந்தது, கனத்தை அவளே கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். இரண்டு நாளாகக் காற்றடித்து, விட்டம் 52 செ.மீ. வந்ததும் நிறுத்தினோம். சுற்றளவு 163. அண்ணி உட்கார்ந்தார். தராசில் பாதத்தின் பங்கு 12 கிலோ, அட்டைகளுக்கு இடையே 32 செ.மீ., இருக்கை உயரம் 41 செ.மீ. அண்ணியின் முழங்காலைவிட 3 செ.மீ. மேலே, மகளின் முழங்காலுக்குச் சரியாக. சிகிச்சையாளர் சொன்ன பயிற்சிகளை அண்ணி இப்போது தினமும் காலையில் சோபாவைப் பிடித்துக்கொள்ளாமல் செய்கிறார். வலி குறைகிறதா என்பதை அடுத்த மாதம் அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

65 செ.மீ. பந்து கூடைப்பந்துக்காரனுக்குப் போனது. அதிலும் பாதிக் காற்றை அண்ணனைக் கொண்டே இறக்கவைத்தோம்.

மகள் பந்தின் சுற்றளவை வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வருகிறாள். முதல் வாரம் 163, அடுத்த வாரம் 164.5. யாரும் காற்றடிக்கவில்லை. பிவிசி நீண்டதா, அல்லது அன்று பிற்பகல் வெயிலில் அளந்ததாலா என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.